ஆவி பிடிக்கலாம்... அதையே நம்பி இருக்கலாமா?

"டாக்டர், மிஷின்ல ஆவியே சரியா வரலை. வாசமும் இல்லை. தைலத்தை இன்னும் ரெண்டு மூடி கூட ஊத்தட்டுமா?"

எண்ணூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் கேட்டார். கையில் ஆவி பிடிக்கும் வேப்பரைசர். மழைக்காலம் வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் 'வேது' ஒன்று. நாம் ஆவி பிடித்தல் என்கிறோமே, அதுதான். பாட்டி பானையில் நொச்சி இலையைக் கொதிக்கவைத்துப் போர்வையைப் போர்த்தினாள். நாம் பிளக்கைச் செருகுகிறோம். தவறில்லை. ஆனால், மிஷினின் குணம் தெரிய வேண்டாமா?

விலை குறைந்த வேப்பரைசர் பலவற்றில் மின்சாரம் தண்ணீருக்குள்ளேயே பாய்ந்துதான் சூடாக்குகிறது. தண்ணீரில் உப்புச்சத்து இருந்தால்தான் அது பாயும். ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் ஆவி நூல் மாதிரி வரும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் சரியாகிவிடும். கடலோரத்து உப்பு போர் தண்ணீரை ஊற்றினாலோ, பொங்கி வெந்நீரைத் துப்பும்! உங்கள் மிஷின் எந்த வகை என்று கூட வந்த குறிப்பைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே படியும் வெள்ளைக் கறைக்கு, வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து ஊறவைத்துக் கழுவினால் போதும்.

அடுத்தது வாசனை. நொச்சி, துளசி இலைகளை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்து, பிடிக்கும் நேரத்தில் கையால் கசக்குங்கள். தொட்டித் தண்ணீரில் இலையோ தைலமோ போடாதீர்கள். கருகல் வாடைதான் மிஞ்சும். மேலே மருந்துக்கென்று தட்டு இருந்தால் அதில் ஒரு சிட்டிகை வைக்கலாம். தட்டு இல்லையா? வெறும் ஆவியே போதும். தைலத்தில் உள்ள மென்தால் மூக்கு திறந்தது போன்ற உணர்வைத் தருமே தவிர, அடைப்பைக் குறைப்பதில்லை. கைக்குழந்தைகளுக்கு ஆவியும் வேண்டாம், கற்பூரத் தைலமும் வேண்டாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். கிளம்பும்போது அந்த அம்மாள் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "வருஷம் பூரா மூணு வேளையும் பிடிக்கிறேன் டாக்டர். நெஞ்சுல படிஞ்ச சாம்பல் தூசியெல்லாம் போயிடும்ல?"

போகாது அம்மா. ஆவி மூக்குக்கும் தொண்டைக்கும் இதம் தரும். நுரையீரலின் ஆழத்தில் படியும் நுண்தூசியைக் கழுவாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சூடான ஆவியும் கடுமையான வாசனையும் இழுப்பைக் கிளப்பிவிடவும் கூடும்.

2021 மே மாதம், கொரோனா அலையின்போது, பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடித்தார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்ல வேண்டி வந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில், கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அந்த மாதிரி நேரத்தில் வேப்பரைசரைத் தேடினால் என்ன ஆகும்? காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான் சித்த மருத்துவன். வேதுவைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் சொல்கிறேன்: ஜலதோஷத்துக்கு ஓரிரு நாள் பிடியுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். மூச்சு வாங்கினால் நுரையீரல் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். சாம்பல் பறந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். தெருவே சேர்ந்து எழுதுங்கள். பாட்டியின் பானைக்குப் பின்னால் ஓரளவு நல்ல காற்றும் இருந்தது. அதைக் கேட்டு வாங்குவதும் வைத்தியம்தான்.