ஆடும் பல் செட்டும் மினி இம்பிளான்ட்டும்



கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "என் உம்மாவுக்கு வயது 71. பற்கள் அனைத்தும் விழுந்து, 15 ஆண்டுகளாகப் பல் செட் அணிந்து வருகிறார்கள். மேல் செட்டால் தொல்லை இல்லை. கீழ் செட் பேசும்போதே எழும்பிவிடுகிறது. கல்யாண வீடுகளில் சஹனில் அமர வெட்கப்பட்டு, பசியில்லை என்று ஒதுங்கிக் கொள்கிறார்கள். குர்ஆன் ஓதும்போது எழுத்துகள் சரியாக வரவில்லையே என்று அழுகிறார்கள். எலும்பு மெலிந்துவிட்டதால் மினி இம்பிளான்ட் வைக்கலாம் என்கிறார் மருத்துவர். வைக்கலாமா? எனக்கும் ஒரு கடைவாய்ப்பல் இல்லை. செலவு குறைவு என்பதால் நானும் அதையே வைத்துக் கொள்ளலாமா?"

உம்மாவுக்கு, பரிசோதனை சாதகமாக அமையுமானால், தாராளமாக வைக்கலாம். தங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, காற்றுப் புகாமல் ஒட்டிக் கொள்கிறது. கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. குதிரை லாட வடிவிலான அதனை நாக்கும் கன்னமும் ஓயாமல் தள்ளிக் கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, பல் விழுந்தபின் தாடை எலும்பு ஆண்டுதோறும் கரைகிறது. அதிலும் கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு கரைவதாக நெடுங்கால ஆய்வு காட்டியுள்ளது. ஸீன், ஸாத் போன்ற எழுத்துகளை ஒலிக்கும்போது நாக்கின் நுனி கீழ் முன்பற்களை ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் பற்களே ஆடினால் ஓதுபவர் என்ன செய்வார்? உம்மாவின் கண்ணீருக்குக் காரணம் முதுமை மட்டுமன்று; பிடிமானமற்ற செட்டும்தான்.

மினி இம்பிளான்ட் என்பது டைட்டானியம் கலந்த உலோகத்தாலான மெல்லிய திருகு. சாதாரண இம்பிளான்ட் பெரும்பாலும் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை பருமன் கொண்டது. மினி 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் தலை சிறு உருண்டையாக ஈறுக்கு வெளியே நிற்கும். செட்டின் அடியில் பொருத்திய ரப்பர் வளையம் அந்த உருண்டையைக் கவ்விக் கொள்ளும், சட்டையின் பிரஸ் பட்டனைப் போல. கீழ்த்தாடையின் முன்பகுதியில் பொதுவாக நான்கு திருகுகள் வைப்பார்கள். பல வேளைகளில் ஈறைக் கீறித் திறக்காமலே, மரத்துப்போகும் ஊசியின் உதவியுடன் ஒரே அமர்வில் வேலை முடிந்துவிடும். திருகு உறுதியாகப் பிடித்துக் கொண்டால் அன்றே செட்டை மாட்டலாம். பிடிப்புக் குறைவாக இருந்தால் சில மாதங்கள் பொறுக்க வேண்டும்.

மெலிந்த எலும்பில் பருமனான திருகு வைக்க வேண்டுமாயின், பெரும்பாலும் முதலில் எலும்பு சேர்க்கும் சிகிச்சை தேவைப்படும். அதற்கான பொருட்களில் மாட்டிலிருந்து எடுப்பவை உண்டு. பன்றியிலிருந்து எடுப்பவையும் உண்டு. நம்மவர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்காமல் முன்கூட்டியே கேளுங்கள். மருத்துவர் வேறு பொருளைத் தேர்ந்தெடுக்க முடியும். மினியில் பெரும்பாலும் இந்தச் சிகிச்சைக்கே தேவை எழுவதில்லை. வயது முதிர்ந்தோருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

எலும்பின் அகலம் குறைந்திருந்தாலும் உயரம் இருக்க வேண்டும். சுமார் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மினியும் கைகொடுக்காது. எனவே எக்ஸ்ரே, தேவையானால் ஸ்கேன், அவசியம். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையிலை போட்டு வெற்றிலை மெல்லும் பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசி போட்டிருந்தாலும், தாடைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலும் மறைக்காமல் கூறுங்கள். தாடை எலும்பு ஆறாமலே போகும் அபாயம் உண்டு. இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

இனி, சகோதரியின் கடைவாய்ப்பல். கறியை அரைக்கும் முழுப் பாரமும் அங்கேதான் விழுகிறது. மெல்லிய ஒற்றைத் திருகு அதைத் தாங்காமல் தளரலாம், முறியவும் கூடும். முறிந்த திருகை எலும்பிலிருந்து எடுப்பது வைப்பதைவிடக் கடினம். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். தங்களுக்குச் சாதாரண இம்பிளான்ட்டோ, பக்கத்துப் பற்களில் கட்டும் பிரிட்ஜோ பொருந்தும். விலையை மட்டும் பார்த்து மினியை எங்கும் செருகும் போக்கு எனக்கு உடன்பாடானதன்று.

இது இறைப்படைப்பை மாற்றுவதாகாதா என்று சிலர் ஐயுறுகின்றனர். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் முதலில் வெள்ளி மூக்கு வைத்து, அது துர்நாற்றம் அடித்தபோது, பொன்னால் மூக்கு வைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. இழந்ததை ஈடுசெய்வதற்கு ஆலிம்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர். குளிப்பு, உளூ வேளைகளில் செட்டைக் கழற்றுவது பற்றி உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். கழற்றுவதும் மாட்டுவதும் நொடி வேலைதான்.

ரமளானில் இச்சிகிச்சையை வைத்துக்கொள்ள வேண்டாம்; சில நாட்களுக்குப் பகலிலும் மருந்து உண்ண நேரும். இரவில் செட்டைக் கழற்றி, உருண்டைகளைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் துலக்க வேண்டும். ரப்பர் வளையங்கள் தேயும். செட் மீண்டும் ஆடத் தொடங்கினால் உம்மா பயப்பட வேண்டாம். வளையத்தை மாற்றினால் போதும், இன்ஷா அல்லாஹ்.