ஆறாம் ஆண்டு யார் பொறுப்பு?

உயிர் அறிவியலில் முதுகலை முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோருக்கு முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பின் முதுநிலைக்கு உயர்ந்தால் மூன்றாண்டுகள் 42,000. ஆக ஐந்தாண்டுகள். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகளோ முனைவர் பட்டத்தை முடிக்க ஆறாண்டுகள் வரை இடமளிக்கின்றன. இடைவெளியில் நிற்கும் அந்த ஓராண்டைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

உயிரினங்களுக்கு உதவித்தொகையின் நாள்காட்டி தெரியாது. ஆய்வகச் சுண்டெலியின் கருக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். குட்டி இனப்பெருக்க வயதை எட்ட மேலும் ஆறு முதல் எட்டு வாரம். நான்கைந்து தலைமுறை பெருக்கினாலே ஓராண்டு கரைந்துவிடும். அதற்கும் முன்னதாக விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வேதிப்பொருளுக்குக் காத்திருக்க வேண்டும். நெல்லில் ஆய்வு செய்பவருக்குப் பருவம் தவறினால் கதிர் இல்லை. கதிர் இல்லையேல் தரவும் இல்லை. (இத்தாமதத்தை மாணவரின் சோம்பல் என்றெண்ணும் நெறியாளர்களும் உண்டு.)

ஆறாம் ஆண்டில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அமைதியாக ஆய்வேடு எழுதுகிறார். மற்றவர் தனியார் கல்லூரியில் பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, அல்லது மருந்துகளின் பக்கவிளைவு அறிக்கைகளைத் தொகுக்கும் வேலையில் அமர்ந்துவிட்டு, இரவில் எழுதுகிறார். அவ்வேலைகள் தாழ்ந்தவையல்ல. ஆயினும் விரும்பிச் செல்வதும் கையில் பணமின்றி ஒதுங்குவதும் ஒன்றாகா.

உதவித்தொகைக் காலத்தை ஆறாண்டுகளாக நீட்டுவதே நேரிய தீர்வு. அது நிகழும்வரை, சேர்க்கை நேர்காணலிலேனும் துறைகள் இந்தக் கணக்கை மாணவரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.