இலங்கையில் மழை எந்தப் பக்கம்?

மழைக்காலத்தில் இலங்கைக்குப் போகலாமா? போகலாம். ஆனால் திசை தெரிந்து போக வேண்டும்!

சிறிய தீவுதான். ஆனாலும் அங்கே மழை முறை வைத்துப் பெய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது கொழும்பு, காலி, இரத்தினபுரி நனையும். திருகோணமலையில் வெயில் காயும்! நடுவில் உள்ள மலைகள் மழைக்காற்றைத் தடுப்பதே காரணம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இது தலைகீழ்.

இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பெரும்பாலும் பிற்பகலில் இடிமழை வரும். காலையிலேயே ஊர் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

மலைப்பாதையில் மட்டும் துணிச்சல் வேண்டாம். 2017 மே மாதம் அங்கே வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200 பேருக்கு மேல் மாண்டனர். மண்சரிவு எச்சரிக்கை வந்தால், கட்டிய பணம் போனாலும் பயணத்தை நிறுத்துங்கள். பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம். உயிரை?