டிக்கி பெரிசா சார்?

எங்கள் பாப்பா பிறந்தபோது 3 கிலோ. அவளோடு வெளியே கிளம்பினால் சாமான் 30 கிலோ! தூளி, ஃப்ளாஸ்க், துணி மூட்டை... (மாமியார் இந்தக் கணக்கில் சேரவில்லை.) பி.காம். மூளை கூட்டிக் கழித்துச் சொன்னது: பழைய ஸ்டேஷன் வேகன்தான் சரி.

புரோக்கரிடம் சொன்னேன். உற்சாகமாக வேகன் ஆரைக் கொண்டுவந்து நிறுத்தினார்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது, 2004-ல் இண்டிகோ மரினா வந்தது. இரண்டுமே நிலைக்கவில்லை. நம்ம ஜனங்களுக்கு டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருந்தால்தான் கார்!

கடைசியில் ஒன்று சிக்கியது. (கம்பெனி பெயர் வேண்டாமே!) 15 வருஷம் முடிந்து, ஆர்.சி.யை 5 வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள். நான் டிக்கியை முழம் போட்டுக்கொண்டிருக்க, மனைவி பின் சீட்டில் ஏறி பெல்ட்டை இழுத்தாள். பாதியிலேயே நின்றுவிட்டது.

"குழந்தை சீட்டை எதுல கட்டுவீங்க?"

"மடியில வெச்சுக்குங்கம்மா!" என்று சிரித்தார் புரோக்கர்.

திரும்பி வந்துவிட்டோம். பழைய கார் பார்க்கப் போகிற புது அப்பாக்களே, குழந்தை சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பின் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி, அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் இருக்கிற முன் சீட்டில் அதை அப்படி வைக்கவே கூடாது.

டிக்கியில் இடமில்லையா? மூட்டையை மடியில் வைத்துக்கொள்ளலாம். பாப்பாவை அல்ல!