இடர் களைதலா, இடர் கைமாற்றலா?

இடர் களைதல் என்பது நம் மொழியில் பழைய வழக்கு. பக்தி இலக்கியம் பயின்றோர் அதனை நன்கறிவர். மேலாண்மைப் புலத்தார் புழங்கும் ‘இடர் மேலாண்மை’யும் அதன் நவீன வடிவமே என்று நாமும் சிலகாலம் எண்ணியிருந்தோம். போயிங் நிறுவனத்தின் கதையை ஊன்றிப் படித்தபின் அவ்வெண்ணம் அகன்றது. அங்கே இடரை எவரும் களையவில்லை. அடுத்தவர் தோளுக்கு மாற்றினர்.

2004இல் 787 விமானத் திட்டம் தொடங்கியபோது சிறகுகள் ஜப்பானின் மிட்சுபிஷிக்கும், உடற்பகுதிகள் கவாசாகி, இத்தாலியின் அலேனியா, தென் கரோலினாவில் ஆலை வைத்திருந்த வாட் ஆகியவற்றுக்கும் பிரித்தளிக்கப்பட்டன. தத்தம் பகுதியை உருவாக்கும் செலவையும் அவர்களே சுமக்கவேண்டும். அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘இடர்ப் பங்காளிகள்’. தமிழில் பங்காளி என்றால் வழக்காடும் உறவினன் என்றும் பொருளுண்டு. அது போயிங்குக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 2007 ஜூலை 8 அன்று எவரெட் ஆலையில் ஊரறிய வெளிக்கொணரப்பட்ட முதல் விமானம், தற்காலிக ஆணிகளால் கோத்து நிறுத்திய வெறுங்கூடு. 2008இல் தருவதாகச் சொன்னதை 2011 செப்டம்பரில்தான் முதல் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தனர். இடையில், 2009இல், வாட்டின் தென் கரோலினா ஆலையைப் போயிங்கே விலைக்கு வாங்க நேர்ந்தது.

முன்கூட்டித் தெரியாதா என்றால், தெரியும். போயிங்கின் பொறியியலாளர் ஹார்ட்-ஸ்மித் 2001இலேயே, வேலையை வெளியே கொடுத்தால் இலாபமும் உடன் வெளியேறும், பிழைதிருத்தும் பொறுப்பு மட்டும் வீட்டில் தங்கும் என்று நிறுவனத்துக்குள்ளேயே எச்சரித்துக் கட்டுரை வாசித்திருந்தார்.

இத்துணைப் பெருமுதலைத் தனியொரு நிறுவனம் தாங்குமா என்று மேலாண்மை நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். 777 விமானத்துக்கும் ஜப்பானியர் உடற்பகுதிகள் செய்தளித்தனர். ஆனால் வடிவமைப்பின் கடிவாளம் போயிங்கிடம் இருந்தது. செலவைப் பகிர்வதை நாம் குறைகூறவில்லை. பொறுப்பும் அத்துடன் போய்விட்டதாகக் கணக்கெழுதுவதையே சாடுகிறோம்.

787இல் கைமாறியது பண இழப்பு. 737 மேக்ஸில் கைமாறியதோ உயிராபத்து. விமானிகளுக்குப் புதிதாகப் பாவனைக் கருவியில் பயிற்சி தேவைப்பட்டுவிடுமோ என்பதே நிறுவனம் அஞ்சிய வணிக இடர். தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்குப் பத்து இலட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக ஒரு வாடிக்கையாளருக்கு வாக்களித்திருந்தது. விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழ்நோக்கி அழுத்தும் எம்காஸ் என்னும் மென்பொருளைப் பற்றி, முதல் விபத்துவரை, விமானிகளின் கையேடு விளக்கவில்லை. அம்மென்பொருள் நம்பியிருந்தது ஒரேயொரு உணரியை. உணரி பொய்யுரைத்தால் நொடிகளில் உணர்ந்து மீளவேண்டியவர் விமானி! 2018 அக்டோபர் 29இல் ஜாவாக் கடலில் 189 பேர். 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியாவில் 157 பேர்.

விச்சிட்டா ஆலையைப் போயிங் 2005இல் விற்றுத் தலைமுழுகியிருந்தது. அங்கிருந்து வந்த உடற்பகுதியில் பழுதான தறையாணிகளைத் திருத்த, ரென்டனில் கதவடைப்பைத் திறந்தார்கள். நான்கு மறையாணிகளைத் திரும்பப் பூட்டவில்லை. 2024 ஜனவரி 5 அன்று நடுவானில் அந்த அடைப்பு பிய்ந்து போயிற்று. அவ்வாண்டே அந்நிறுவனத்தைத் திரும்ப வாங்க ஒப்பந்தமிட்டனர்.

மேக்ஸ் வழக்கில் 2021 ஜனவரியில் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் தொகை 250 கோடி டாலருக்கும் மேல். அதில் அபராதம் 24.36 கோடி. இறந்தோர் குடும்பங்களுக்கு 50 கோடி. விமானங்கள் தரையில் முடங்கியதால் வருவாய் இழந்த விமான நிறுவனங்களுக்கு 177 கோடி.