எழுத்து உடையுது, தம்பி!

அரசாணை வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை எங்கள் டிடிபி அறைக்கு வந்து பார்க்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இரண்டு ஆணைகளும் எங்கள் வாசல்படியோடு நின்றுவிட்டன. உள்ளே இன்னமும் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் ராஜ்ஜியம்தான்.

பதிப்பகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான் அதன் கடைசிப் பதிப்பு. யூனிகோடு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அது பழைய பழக்கத்தில் ஓட வேண்டும் என்பதற்காகவே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பெட்டியை உயிரோடு வைத்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்ட எக்ஸ்பி. அதற்கு ஹார்ட் டிஸ்க் போனால் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். இணையத்தோடு இணைக்கப் பயம். அதனால் கோப்புகள் பென்டிரைவில் போய் வருகின்றன, கூடவே வைரஸும் போய் வருகிறது. இதற்கு நடுவில் எழுத்துரு மென்பொருளைத் திறக்கச் செருகும் டாங்கிளைக் காணோம் என்று ஒரு கூச்சல் வரும். யாரோ பென்டிரைவ் என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இப்போது எழுத்தாளர்கள் நாவலையே செல்பேசியில் அடித்து அனுப்புகிறார்கள். எல்லாம் யூனிகோடு. அப்படியே பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள். "எழுத்து உடையுது, தம்பி!" என்று எங்கள் டிடிபி ஆபரேட்டர் அக்கா குரல் கொடுப்பார். உடனே கன்வெர்ட்டரில் போட்டு, ஒழுங்காக வந்த யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு இறக்குவோம். அடிக்குறிப்பில் இருந்த ஆங்கிலப் புத்தகப் பெயர்கள் அத்தனையும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து எழுத்துருவை மாற்ற வேண்டும். புத்தகம் அச்சாகி வந்ததும் முதலாளி, "மின்நூலும் போட்டுடலாமே" என்பார். மறுபடி பழையதிலிருந்து யூனிகோடுக்கு ஏற்றுவோம். ஔ இருந்த இடத்தில் ஒ தனியாக, ள தனியாக நிற்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று யாரோ காலுக்குப் பதில் ர அடித்திருப்பது அப்போதுதான் தெரியவரும். மெய்ப்புப் பார்த்தவர் திருத்திய பிரதி ஒன்று, வாசகர் படிக்கிற பிரதி இன்னொன்று.

இதன் அடிப்படைக் கோளாறு பலருக்குத் தெரியாது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்கு ஒரு குறியாக்கம் வைத்துக்கொண்டதால், ஒருவர் கோப்பு இன்னொருவர் கணினியில் குப்பை. பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறோமே என்பார்கள். அதில் 'தமிழ்' என்று தேடிப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது.

சரி, மாற்றவே முயலவில்லையா என்றால், எல்லாம் செய்தாயிற்று. யூனிகோடு தெரிந்த இன்டிசைன் வாங்கினோம். யூனிகோடு எழுத்துருக்கள் போட்டேன். தமிழ்99 வேண்டாம் என்றவர்களுக்கு, யூனிகோடிலேயே பழைய தட்டச்சு விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தேன். "ஸ்லோவா இருக்கு தம்பி." "தலைப்புக்குப் போட நல்ல ஃபான்ட் இல்லை தம்பி." "பக்கம் கூடுது, ஃபாரம் கணக்கு இடிக்குது." நான் அறைக்குள் நுழைந்தால் திரையில் இன்டிசைன் இருக்கும். நான் திரும்பினால் ஆல்ட்டும் டேபும் சேர்ந்து அமுங்கும் சத்தம் கேட்கும்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிட்டால் என் கோபம் சுலபமாகத் தீர்ந்துவிடும். ஆனால் அக்கா தட்டச்சில் ஹையர் தேறியவர். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று விரல் தானாக ஓடும். தமிழ்99இல் க, ஒ என இரண்டே தட்டு. க-வை இரண்டு முறை அடித்தால் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும். சொல்லிக் காட்டினால், "நல்லாத்தான் இருக்கு, கை ஓடணுமே" என்கிறார். அவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பழகுகிற வாரத்தில் பாதிப் பக்கம்தான் ஓடும், கூலியும் பாதிதான் வரும். புதுத் தொழில்நுட்பத்துக்கு அவர் தன் பையிலிருந்து பணம் கட்ட வேண்டுமா?

முதலாளியிடம் இதைச் சொன்னால், "பழகப் பழக வந்துடும்" என்கிறார். மென்பொருளுக்குப் பணம் உண்டு, பழகும் நாட்களுக்குக் கிடையாது. ஜனவரிப் புத்தகக் காட்சி முடியட்டும் என்பார். முடிந்ததும் பள்ளி நோட்ஸ் வேலை வந்துவிடும். அது முடிவதற்குள் அடுத்த காட்சிக்கான பட்டியல் தயாராகிவிடும். சும்மா இருக்கிற மாதம் வந்தால் யூனிகோடு. அந்த மாதம் எந்தக் காலண்டரிலும் இல்லை.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்வேன். எனக்குத் தூக்கம் கெடுவது அலமாரியில் அடுக்கியிருக்கும் குறுந்தகடுகளைப் பார்த்துத்தான். பழைய புத்தகங்களின் கோப்புகள் அவை. எந்தப் புத்தகம் எந்த எழுத்துருவில் அடித்தது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கோப்பின் பெயரைச் சொன்னால் அக்கா, "அது பழைய ஆபீஸ்ல அடிச்சது, வேற ஃபான்ட்டு" என்று சட்டென்று சொல்வார். நான் யாரோடு தினமும் மல்லுக்கு நிற்கிறேனோ, அவர் தலைக்குள்தான் எங்கள் பதிப்பகத்தின் அட்டவணை முழுவதும் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டால் எந்தக் கன்வெர்ட்டரும் காப்பாற்றாது.

ஆகவே பதிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மென்பொருள் வாங்குமுன், பழகும் நாட்களுக்கும் முழுப் பக்கக் கூலி கொடுங்கள். பழைய ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் எழுத்துருவின் பெயரை எழுதி வாங்குங்கள். அதற்கும் சம்பளம் கொடுங்கள். முடியாதென்றால், மறுபதிப்பு வரும்போது அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து திரும்ப அடிக்க வேண்டியதுதான். அதற்கும் ஓய்வுபெற்ற அக்காவைத்தான் கூப்பிடுவீர்கள். அவரும் வந்து உட்கார்ந்து, பேஜ்மேக்கரைத்தான் திறப்பார்.