கடைக்காரருக்கு விளங்காத விளம்பரம் யாருக்காக?

பதிவு கொஞ்சம் நீளம்தான், கடை வைத்திருப்பவர்களும் உயர்தரம் முடித்த பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுன் கடைகளுக்கு இப்போது மென்பொருள் விற்க ஆட்கள் வருகிறார்கள். பில் போடுவதற்கு ஒன்று, ஸ்டொக் பார்ப்பதற்கு ஒன்று, ஊழியர் சம்பளத்துக்கு இன்னொன்று. கையில் பளபளவென்று ஒரு பிரசுரம். தமிழிலும் அச்சடித்திருப்பார்கள். அதில் இப்படித்தான் இருக்கும்: "எமது கிளவுட் அடிப்படையிலான அடுத்த தலைமுறைத் தீர்வு உங்கள் வணிகச் செயன்முறைகளைத் தடையின்றி ஒருங்கிணைத்து வளர்ச்சிக்கு வலுவூட்டுகின்றது."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் என்ன சாமான் விற்கிறார்கள்? நாங்கள் தமிழ் படிப்பிக்கிறவர்கள், எங்களுக்கே விளங்கவில்லை. கடைக்காரர் தலையை ஆட்டுவார், வந்த தம்பி நல்ல பிள்ளையாகத் தெரிந்தால் கையெழுத்தும் போடுவார். மூன்று மாதம் போனதும் கம்பியூட்டருக்கு மேல் தூசி படியும், கடன் கொப்பி மறுபடி மேசைக்கு வரும்.

நம்ம கடைக்காரர் கேட்க நினைப்பது ஐந்தாறு விஷயம்தான். மாதம் எவ்வளவு? கரண்ட் போனால் பில் போடலாமா? மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும், அப்போது கணக்கு அழிந்துவிடுமா? தோட்டத்து ஆட்களுக்குச் சம்பளம் வரும்வரை கடன் கொடுக்கிறோம், அதை ஆள்வாரியாக எழுத இடம் இருக்கிறதா? பழுதானால் தமிழில் பேச ஆள் இருக்கிறதா? வேண்டாம் என்று நிறுத்தினால் இதுவரை ஏற்றிய கணக்கு எங்கள் கைக்கு வருமா? பிரசுரத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இருக்காது.

அதே விஷயத்தை இப்படி எழுதலாமே: "சாமான் விற்றதும் ஃபோனில் ஒரு தடவை அழுத்துங்கள். எவ்வளவு மிச்சம், யார் எவ்வளவு கடன் என்பது உடனே தெரியும். சிக்னல் இல்லாவிட்டாலும் விற்றது பதிவாகும், சிக்னல் வந்ததும் கணக்கோடு சேரும். மாதம் இத்தனை ரூபா. நிறுத்த நினைத்தால் உங்கள் கணக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாம்." ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசித்துக் காட்டினாலும் வாப்பாவுக்கு விளங்கும்.

ஆனால் இதை எழுத அழகான தமிழ் மட்டும் போதாது. சிக்னல் இல்லாதபோது உண்மையிலேயே பதிவாகிறதா என்று அதைச் செய்த பொறியியலாளரிடம் கேட்க வேண்டும். அவர் இல்லை என்றால் அந்த வரியை வெட்ட வேண்டும். கடையில் அரை நாள் நின்று முதலாளி எங்கே தடுமாறுகிறார் என்றும் பார்க்க வேண்டும். இந்த வேலை செய்யாதவர்கள்தான் "தீர்வு", "வலுவூட்டல்" என்று எழுதி இடத்தை நிரப்புகிறார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட ஹதீஸ் நம்மில் பலருக்குத் தெரியும். மென்பொருளின் ஈரத்தையும் மேலே வைத்துத்தான் எழுத வேண்டும்.

இந்தத் துறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாங்குகிறவர் ஒருவர், பாவிக்கிறவர் வேறொருவர். பல தோட்டங்களில் கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. வாங்குவது கம்பனி. அழுத்துவது தோட்டத்து உத்தியோகத்தர். அதில் விழும் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது கூடையோடு வரும் அக்கா. அவருக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பது அந்த இலக்கத்தில்தான் தொங்குகிறது. தராசுக் கம்பனியின் விளம்பரம் முதலாவது ஆளுக்கு மட்டும் எழுதப்படும். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிகிறது, அன்றைய நிறையை அவர் எங்கே பார்க்கலாம் என்று தமிழில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் அந்தத் தராசின் மேல் நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்தால் கம்பனிக்கும் லாபம்தான்.

விளங்காத காகிதம் மலையகத்துக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனை அடைத்தால் அவரை விட்டுவிடுவதாகத் தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதை வைத்துக்கொண்டு கடனோடு சேர்த்து ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். 1921இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. யாருடைய வாழ்க்கையைப் பற்றி அதில் எழுதியிருந்ததோ அவர்களில் பெரும்பாலானோருக்கு அதை வாசிக்கத் தெரியாது. இன்று வாசிக்கத் தெரிந்த நமக்கும் விளங்காமல் எழுதினால் எப்படி?

சரி, இதில் நம் பிள்ளைகளுக்கு என்ன? கலைப் பிரிவில் நல்ல சித்தி எடுத்துவிட்டு, கொழும்பில் புடவைக் கடைக்கோ கம்யூனிகேஷனுக்கோ போகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறோம். ஐடி என்றால் கணிதப் பிரிவுக்கு மட்டும்தான் என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டோம். 1996இல் தொடங்கிய சோஹோவையும் சென்னையில் 2010இல் தொடங்கி 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைவரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸையும் எடுத்துப் பாருங்கள். கடல் கடந்திருக்கும் சின்னச் சின்ன வியாபாரிகளுக்கும் மென்பொருள் விற்றார்கள். ஒவ்வொரு கடை வாசலுக்கும் ஆள் அனுப்ப முடியுமா? இணையப் பக்கம்தான் பேசியது, விலையையும் அதுவே சொன்னது. அதை எழுதவும் ஆட்கள் வேண்டும். சோஹோ 2011இல் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்திலேயே காரியாலயம் திறந்தது. நம்ம நாட்டிலும் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 கொழும்பிலிருந்து உலகத்துக்கே மென்பொருள் கொடுக்கிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைகள் மலையகத்தில் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தை இன்னும் தீட்ட வேண்டும், அது உண்மை. அதற்கு நாங்கள் இருக்கிறோம்.

ஏஐ எழுதித் தராதா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். தரும், வழுவழுவென்று தரும். ஆனால் அரைப்பேர் என்றால் ஒரு வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை அதற்கு யார் சொல்வது?

ஆகவே இரண்டு வேண்டுகோள். கடை வைத்திருக்கும் நானாமார், அண்ணாமார், அடுத்த முறை யாராவது மென்பொருள் விற்க வந்தால் கையெழுத்துப் போடுமுன் மேலே சொன்ன கேள்விகளுக்குத் தமிழில் ஒரு பக்கத்தில் பதில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். மற்றது, உங்கள் மேசையில் கிடக்கும் பழைய பிரசுரங்களை எறியாமல் எங்களிடம் தாருங்கள். வரும் விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், உயர்தரம் முடித்த பிள்ளைகளை உட்கார வைத்து அவற்றைத் திருப்பி எழுதிப் பார்க்கப் போகிறோம். எழுதியதை முதலில் உங்கள் கடைக்குத்தான் கொண்டு வருவார்கள். விளங்காத இடத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள், போதும்.